என்ன சொன்னான், டீச்சர்?

புதிதாகப் பாடம் நடத்த வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் செயலிகளைக் கையாள என்னைவிட நன்றாகத் தெரியும். எந்தச் செயலியில் எந்தப் பயிற்சி இருக்கிறது, பேச்சின் வேகத்தை எப்படிக் குறைப்பது, சப்டைட்டிலை எப்படி மறைப்பது என்றெல்லாம் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் துணிக்கடை மாடியில் இருக்கும் நம் ஆங்கிலப் பயிற்சி மையத்துக்கு வந்தேன். இப்போது அதிலிருந்தும் விலகிவிட்டேன். ஒரு வகுப்பில் நடந்ததை மட்டும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும். பாடத்திட்டத்தில் அது வராது.

நம்மிடம் வருகிறவர்களைக் கவனித்தால் ஒன்று புரியும். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். எழுதவும் ஓரளவு வரும். ஆனால் யாராவது பேசிவிட்டால் முகம் வெளிறிவிடும். வெளிநாடு போக வேண்டிய நர்ஸ் பெண்கள், அங்கே மேற்படிப்புக்குப் போகிற பையன்கள் எல்லோருக்கும் இதே பாடுதான். வேலம்மாள் மட்டும் வேறு காரணத்துக்காக வந்தாள்.

அவளுக்கு ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் வயலும் கிணறும் உள்ள குடும்பம். ஒரே மகள் மகேஸ்வரி அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். பிரசவத்துக்கு அம்மா போயாக வேண்டும். மருமகனுக்கு வேறு ஊரில் தொழிற்சாலை வேலை, பகல் முழுவதும் வீட்டில் இருக்க மாட்டான்.

முதல் நாளே வேலம்மாள் என்னிடம் சொல்லிவிட்டாள்: "எனக்குப் பேசல்லாம் வேண்டாம் டீச்சர். அவங்க சொல்லுதது காதுல விழுந்து வெளங்குனாப் போதும். பிள்ளைக்குச் சொகமில்லைன்னு ஆஸ்பத்திரில எதாச்சும் சொல்லுவாங்க. நான் மரம் மாதிரி நின்னுரக் கூடாது."

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் காது நல்ல காது. நான் சொன்னபடி முதலில் எழுத்தை மறைத்துவிட்டுக் கேட்பாள். பிறகு எழுத்தோடு கேட்பாள். மறுபடியும் எழுத்தில்லாமல் கேட்பாள். களை எடுக்கும்போதும் பஸ்ஸிலும் ஒரு காதில் இயர்போன் இருக்கும். மகளுடைய ஊர் வானொலியைச் செயலியில் கேட்கும்படி மகேஸ்வரியே சொல்லியிருந்தாள். ஒரு நாள் வேலம்மாள் வந்து, "அங்கன ரேடியோவுல காலைல செத்தவங்க பேரெல்லாம் வாசிக்கான் டீச்சர். நம்ம ஊர்ல ஆட்டோவுல மைக்கு கட்டிச் சொல்லுத மாதிரி" என்றாள். எங்களுக்குச் சிரிப்பாக வந்தது. ஆனாலும் அதற்கப்புறம் அந்த நேரத்தில் அவள் வானொலியை அணைத்துவிடுவாள்.

அன்றைக்கு மதிய வகுப்பு. இடைவேளையில் வேலம்மாள் மாடிப்படியில் உட்கார்ந்து மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். அங்கே அப்போது காலை நேரம். மகேஸ்வரிக்கு எட்டாம் மாதம். முந்தின நாளிலிருந்து தலைவலி என்று அவள் சொன்னதும், டாக்டரிடம் போகச் சொல்லி வேலம்மாள் சத்தம் போட்டதும் என் மேசை வரைக்கும் கேட்டது. அம்மாக்கள் போடும் சத்தம்தானே என்று நான் அடுத்த பயிற்சியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வேலம்மாள் வகுப்புக்குள் வந்தாள். போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், தண்ணீர் நிறைந்த பாத்திரத்தைப் பிடிப்பதுபோல.

"டீச்சர், பிள்ளை விழுந்துட்டா."

திரையில் ஒரு சமையலறை தெரிந்தது. மேசை விளிம்பும், கெட்டிலும், தரையில் இரண்டு கால்களும் தெரிந்தன. முகம் தெரியவில்லை. மகேஸ்வரி மேசையில் இருந்த மடிக்கணினியில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது கண் இருட்டியிருக்கிறது. நர்ஸ் அல்லவா, அவளுக்கே ஆபத்து புரிந்துவிட்டது. தன்னுடைய போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, முகவரி சொல்லத் தொடங்கியிருக்கிறாள். தெருப்பெயரைச் சொல்லி முடித்ததும் விழுந்துவிட்டாள்.

அந்தப் போன் இன்னும் இணைப்பில் இருந்தது. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு பெண் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவள் குரல் மகேஸ்வரியின் போனிலிருந்து மடிக்கணினிக்குப் போய், அங்கிருந்து வேலம்மாளின் போனுக்கு வந்தது. பாதி வார்த்தை காற்றில் போயிற்று.

நான் வகுப்பிலிருந்த மற்றவர்களைக் கீழே போகச் சொன்னேன். ஃபேனை நிறுத்தி, சாலைப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன். என் கை தன்னாலேயே வேலம்மாளின் போனை வாங்க நீண்டது. அவள் கொடுக்கவில்லை. நானும் பிடுங்கவில்லை. திரையைப் பார்த்துச் சொல்ல அவள்தான் வேண்டும். அவள் பிடித்துக்கொள்ளட்டும், நான் பேசுகிறேன் என்று முடிவு செய்துகொண்டு அவள் தோளோடு தோளாக நின்றேன்.

"நாங்கள் இருக்கிறோம், அவளுடைய அம்மா இருக்கிறார், இந்தியாவிலிருந்து, வீடியோ அழைப்பில்" என்று ஆங்கிலத்தில் கத்தினேன்.  அந்தப் பக்கத்திலிருந்து கேள்விகள் வந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா? இல்லை. எத்தனையாவது மாதம்? எட்டு. என்ன செய்கிறாள்?

"காலு வெட்டி வெட்டி இழுக்குது டீச்சர்" என்றாள் வேலம்மாள். "ஏட்டி மகேசு! மக்கா, அம்மா இங்கன இருக்கேன்ட்டி!"

வலிப்பு என்று சொன்னேன். அந்தப் பெண் ஏதோ சொன்னாள், எனக்குப் பிடிபடவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் பிடிபடவில்லை. மூன்றாம் தடவை அவள் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னபோதுதான் புரிந்தது. 'சத்தம் போடாதீர்கள், அவள் மூச்சு விடுகிறாளா என்று நான் கேட்க வேண்டும்.'

வேலம்மாளிடம் சொன்னேன். அவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். கால்கள் ஆடுவது நின்றிருந்தது. மூன்று பேரும் கேட்டோம், அயர்லாந்தில் ஒருத்தியும் இங்கே நாங்கள் இருவரும். முப்பது வருஷமாகக் 'கவனித்துக் கேள்' என்று பிள்ளைகளிடம் சொல்லிவந்தவள் நான். கேட்பது என்றால் என்ன என்று அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு குறட்டைபோல, கனமாக, இழுத்து இழுத்து ஒரு மூச்சு.

"குட்" என்றாள் அந்தப் பெண். அந்தச் சொல் மட்டும் எந்தக் கலப்பும் இல்லாமல் வந்து விழுந்தது.

அடுத்து முகவரி. தெரு கிடைத்துவிட்டது, கதவு எண் கிடைக்கவில்லை. மகேஸ்வரி சொன்னது பதினான்கா, நாற்பதா என்று அந்தப் பெண் கேட்டாள். ஆங்கிலத்தில் இந்த இரண்டும் காதுக்கு எவ்வளவு நெருக்கம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு எண் தெரியாது. வேலம்மாளைப் பார்த்தேன். அவளுக்குக் கேள்வி புரிந்திருந்தது.

"ஒன், ஃபோர்" என்றாள் போனைப் பார்த்து. "ஒன். ஃபோர்."

பார்சல்காரர்கள் மாற்றிப் புரிந்துகொள்வதால், மகேஸ்வரி மற்ற நேரங்களில் அப்படித்தான் எண்ணைப் பிரித்துச் சொல்வாளாம், அன்றைக்கு மயக்கத்தில் விட்டுவிட்டாள். அவ்வளவு நாளும் பேசவே வேண்டாம் என்றிருந்தவள் அயல்நாட்டுக்காரரிடம் பேசிய முதல் ஆங்கிலம் அதுதான்.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். வேலம்மாள் வாய்க்குள் கோமதித்தாயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் என் ஆண்டவரைக் கூப்பிட்டேன். போனில் சார்ஜ் சிவப்புக் கோட்டுக்கு வந்துவிட்டதைப் பார்த்து, வயரைத் தேடிச் சொருகினேன். 

கதவு உடையும் சத்தம் கேட்டது. மஞ்சள் சட்டை போட்ட இரண்டு பேர் திரையில் வந்து குனிந்தார்கள். கால்கள் மறைந்தன. அவர்கள் ஒருவருக்கொருவர் வேகமாக ஏதேதோ சொல்லிக்கொண்டார்கள். வேலம்மாளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "மகேசு" என்று அலறினாள். அப்போதுதான் அவர்களில் தாடிக்காரன் மேசையில் திரை இருப்பதைப் பார்த்தான். அவன் முகம் திரை முழுக்க வந்தது. எங்களைப் பார்த்து ஏதோ சொன்னான். இரண்டு தடவை சொன்னான் என்று நினைக்கிறேன். திரை ஆடியது. இணைப்பு அறுந்தது.

வேலம்மாள் என் பக்கம் திரும்பினாள்.

"என்ன சொன்னான், டீச்சர்?"

உங்களுக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும். விமான நிலையத்திலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ யாராவது போனில் கூப்பிட்டு உங்களைக் கேட்பார்கள். ஆங்கிலம் தெரிந்தவர் என்று நம்பிக் கேட்பார்கள்.

என் காதில் விழுந்தது 'ஷீ இஸ் கான்' என்பதுபோல இருந்தது. போய்விட்டாள் என்று அர்த்தம்.  அவன் முகத்தை நினைத்துப் பார்த்தேன். அது சாவுச் செய்தி சொல்லும் முகமா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் பேச்சு வழக்கு எனக்குப் பழக்கமில்லை. கேட்ட சொல்லை எழுதச் சொல்லியிருந்தால் என்னால் உறுதியாக எழுதியிருக்க முடியாது. ஆனால் மனம் அதையே பிடித்துக்கொண்டு விட மறுத்தது.

ஆறுதலாக ஏதாவது சொல்லிவிடலாமா என்றும் தோன்றியது. 'நல்லாயிருக்கா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்னு சொல்றான்' என்று ஒரு வார்த்தை. யார் என்னைக் குற்றம் சொல்லப் போகிறார்கள்? ஆனால் அது பொய்யாகப் போனால், அந்த இடைப்பட்ட நேரத்துக்காக அவள் என்னை மன்னிப்பாளா என்று தெரியவில்லை.

"எனக்குச் சரியாகக் கேட்கவில்லை வேலம்மா" என்றேன். "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்."

அவள் தலையாட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு 'கிராண்டு'ன்னு கேட்டுச்சு டீச்சர். அங்கன சொகமா இருக்கேன்னு சொல்லுததுக்கு அப்படித்தான் சொல்லுவாங்களாம். ரேடியோவுலயும் வருது. மகேசும் சொல்லிருக்கா."

எனக்கு அந்த வழக்கு தெரியாது. நம் ஊரில் கிராண்ட் என்றால் கல்யாண மண்டபமும் சீர்வரிசையும்தான். "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே, "ஆனா எனக்கு அப்படிக் கேக்கணும்னு ஆசையா இருக்குல்லா? அதான் நம்பப் பயமா இருக்கு" என்றாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரே வாயிலிருந்து வந்த ஒரே சொல். என் பயம் அதை ஒரு விதமாகக் கேட்டது, அவளுடைய ஆசை வேறு விதமாகக் கேட்டது. எதற்கும் சாட்சி இல்லை. எனக்குக் கேட்ட சொல்லை நான் அவளிடம் சொல்லவில்லை. அது கேட்ட சொல்லா, பயந்த சொல்லா என்று எனக்கே தெரியாதபோது அதை அவள் தலையில் ஏற்றி வைக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

மருமகனுக்குப் போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வேலை நேரத்தில் அவன் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மகளின் போனும் அடித்துக்கொண்டே இருந்தது. செய்தி அனுப்பினோம்.

வழக்கமாக வரும் நேரத்துக்கு வேலம்மாளின் கணவர் சுடலைமுத்து மோட்டார் சைக்கிளில் வந்து கீழே ஹாரன் அடித்தார். அவளை அழைத்துப்போக வந்தவர். அவள் எழுந்திருக்கவில்லை. அவரே மேலே வந்தார். வேலம்மாள் நடந்ததைச் சொன்னாள், கூட்டாமல் குறைக்காமல். கடைசியில், "அந்த ஆளு என்ன சொன்னாம்னு தெரியலை. இருந்து பாப்போம்" என்றாள்.

சுடலைமுத்து அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அவளுக்கு வெளங்காட்டிப் போகுது. நீங்க இங்கிலீஷ் படிச்சவங்கல்லா டீச்சர். உங்களுக்குமா வெளங்கலை?"

"எனக்கும் கேட்கலை அண்ணாச்சி."

"இல்ல, உங்களுக்குத் தெரியும். சொல்ல மாட்டேங்கிய. மோசமான சேதின்னா சொல்லிருங்க. நான் தாங்கிக்கிடுவேன்."

 அந்த நேரத்தில் ஏதாவது ஒரு பதிலைக் கொடுத்து அவரை அங்கிருந்து அனுப்பிவிட வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆத்திரமாக இருந்தது தெரியுமா? நல்லதோ கெட்டதோ ஒரு பதில். தெரியவில்லை என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது அவ்வளவு பாரமாக இருந்தது. அவர் பார்வையில் நான் ஒன்றும் தெரியாத டீச்சராகவோ, எல்லாம் தெரிந்தும் மறைக்கிறவளாகவோ இருந்தேன்.

"அண்ணாச்சி, சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சா இந்த நிமிஷமே சொல்லியிருப்பேன். மூச்சு விட்டது எங்க ரெண்டு பேர் காதுலயும் விழுந்தது. ஆம்புலன்ஸ்காரங்க வந்தாங்க. இது ரெண்டும்தான் எனக்கு நிச்சயமாத் தெரியும்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வேலம்மாள் அவர் முதுகில் கை வைத்தாள். கீழே ராஜபாளையம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அவர்கள் இருவரும் ஊருக்குப் போகவில்லை. நானும் வீட்டுக்குப் போகவில்லை. யாரும் விளக்கைப் போடக்கூட எழுந்திருக்கவில்லை.

இருட்டத் தொடங்கிய பிறகுதான் மருமகன் கூப்பிட்டான். வேலம்மாள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். அவன் அழுதுகொண்டிருந்தான். முதல் சில வார்த்தைகள் தமிழ்தான் என்றாலும் எங்கள் யாருக்கும் புரியவில்லை.

"ஏய்யா, அழாம சொல்லுய்யா" என்றார் சுடலைமுத்து.

மகேஸ்வரி உயிரோடு இருந்தாள். ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்திருக்கிறது. அறுவைசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை, இரண்டு கைக்குள் அடங்கும் அளவு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பிழைக்குமா என்று இன்னும் சொல்ல முடியாது என்றார்களாம். தாடிக்காரன் அவனிடம், அம்மா திரையில் கத்திக்கொண்டிருந்தார், 'நல்லாயிருக்கிறாள், எங்களிடம் இருக்கிறாள்' என்று அவரிடம் சொன்னேன் என்று சொல்லியிருக்கிறான். கிராண்ட் என்றுதான் சொல்லியிருக்கிறான்.

வேலம்மாள் அப்போதுதான் அழுதாள். எனக்கு அவள் சரியாகக் கேட்டாள், நான் தவறாகக் கேட்டேன் என்று தோன்றவில்லை. அவளுக்கு அந்தச் சொல் பழகியிருந்தது, எனக்குப் பழகவில்லை, அவ்வளவுதான். சரியாகக் கேட்டபோதும் அதை உறுதி என்று சொல்லாமல் காத்திருந்தாளே, அந்த மனம் எனக்கு இருந்திருக்குமா என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

அதற்கப்புறம் என் வகுப்பில் இரண்டு விஷயங்களை மாற்றினேன். நம் செயலிகளில் கேட்கும் பயிற்சி வரும்போது கீழே நான்கு விடைகள் இருக்கும். ஒன்றைத் தொட்டே ஆக வேண்டும். 'தெரியவில்லை' என்று ஒரு பொத்தான் எதிலும் இல்லை. அதில் பழகிய பிள்ளைகள் பாதி கேட்டதும் மீதியை ஊகித்துத் தொட்டுவிடுகிறார்கள். பச்சை விளக்கு எரிந்தால் கேட்டுவிட்டதாக நம்புகிறார்கள். நான் பக்கத்து அறைக்குப் போய், ஃபேனை ஓடவிட்டு, போனில் கூப்பிட்டுப் பேசுவேன். வேண்டுமென்றே சில சொற்களை விழுங்குவேன். 'கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்' என்று ஆங்கிலத்தில் கேட்பவருக்கு முழு மதிப்பெண். ஊகித்துச் சரியாகச் சொன்னவருக்குப் பாதிதான். சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

இன்னொன்று, அவரவர் போகப்போகும் ஊரின் குரலைக் கேட்க வைத்தேன். பாடத்துக்கென்று பதிவு செய்த சுத்தமான குரல் தொடக்கத்துக்கு நல்லது. ஆனால் யாரும் ஸ்டுடியோவில் நின்றுகொண்டு விபத்தைச் சொல்வதில்லை. சந்தைச் சத்தம், வானிலை, அழைத்துப் பேசுகிறவர்கள் சிரிப்பது, சண்டை போடுவது எல்லாம் காதில் விழட்டும். புரியாவிட்டாலும் பரவாயில்லை. எது புரியவில்லை என்று தெரிந்துகொள்வதே பெரிய பாடம்.

வேலம்மாள் விசா வந்ததும் போனாள். அவளைச் சென்னை விமான நிலையம் வரை அனுப்பிவிட்டு வந்த சுடலைமுத்து, வாரத்துக்கு ஒரு முறையாவது நம் மையத்துக்கு வந்து, "குழந்தை எடை கூடிருக்காம் டீச்சர்" என்றோ, "இந்த வாரம் கொறைஞ்சிட்டாம்" என்றோ சொல்லிவிட்டுப் போவார். அவர் படியேறும் சத்தம் கேட்டாலே பாடத்தை நிறுத்திவிடுவேன். நல்ல சேதியா கெட்ட சேதியா என்று காலடியிலிருந்தே ஊகிக்கப் பார்ப்பேன். ஒரு தடவைகூட ஊகம் சரியாக வந்ததில்லை.

ஒரு நாள் வேலம்மாளிடமிருந்து குரல் செய்தி வந்தது. கண்ணாடிப் பெட்டியிலிருந்து குழந்தையை வெளியே எடுத்துவிட்டார்களாம். அதன் அழுகையை எனக்குக் கேட்கக் கொடுத்திருந்தாள். பூனைக்குட்டி மாதிரி தொடங்கி, போகப் போக நல்ல வலுவான அழுகை. நடுவில் பின்னணியில் ஒரு நர்ஸ் குரல் அவசரமாக ஏதோ சொன்னது. எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். வேகத்தைக் குறைத்துக் கேட்டேன். இயர்போன் போட்டுக் கேட்டேன். பிடிபடவில்லை. வெட்கத்தை விட்டு வேலம்மாளிடமே கேட்டேன், அந்த நர்ஸ் என்ன சொன்னாள், குழந்தைக்கு ஏதாவது என்று.

பதில் வந்தது: "எனக்கும் வெளங்கலை டீச்சர். இருங்க, அவகிட்டயே கேட்டுட்டு வாரேன்."

காத்திருந்தேன். அடுத்த செய்தியில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கதவைச் சாத்தச் சொல்லிருக்கா டீச்சர். வாடைக்காத்து உள்ள வருதாம். சாத்திட்டேன்."